எட்டுக் கண்ணாடியும் ஒரு பிரேக்கும்

அத்தான்,

நேற்று அக்கா உங்கள் வராந்தாவை ஒழித்துக்கொண்டிருந்தாள். மேல் தட்டிலிருந்து ஒரு வனஸ்பதி டின்னை இறக்கி மூடியை நெம்பியதும் மெஷின் எண்ணெயும் காய்ந்த சந்தனமும் கலந்த ஒரு வாடை வந்தது. உள்ளே பழைய இந்திப் பேப்பரில் சுற்றி எட்டுக் கண்ணாடிகள். எட்டு! என் இடுப்பு உயரம்கூட இல்லாத வண்டிக்கு எட்டுக் கண்ணாடி மாட்டிய ஆள் இந்த டெல்லியில் நீங்கள் ஒருவராகத்தான் இருப்பீர்கள். அடியில் அந்தப் பித்தளை மயிலும் கிடந்தது. செத்தவர்களைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை சொல்ல வேண்டுமாம். மயிலைப் பார்த்த பிறகு எனக்கு வாய் வரவில்லை.

"ஏட்டி, இத பழைய இரும்பு எடுக்குத கபாடிக்காரனுக்குப் போட்டுறவா?" என்று அக்கா கேட்டாள். நான் டின்னை இழுத்து மடியில் வைத்துக்கொண்டேன்.

அந்த வண்டி எங்கள் அப்பாவுடையது. சாணக்கியபுரியில் இருந்த ஒரு வெளிநாட்டுக்காரர் ஊர் திரும்பும்போது கொடுத்துவிட்டுப் போன மினி பைக். வீட்டில் அதற்குப் பெயர் குட்டி. அப்பா உட்கார்ந்தால் முழங்கால் இரண்டும் ஹாண்டில்பாரை இடிக்கும். டாங்க் மேல் ஒருத்தி, பின்னால் ஒருத்தி என்று அக்காவையும் என்னையும் மந்திர் மார்க் பள்ளிக்கூடத்துக்கு அதில்தான் கொண்டுபோய் விடுவார். பிறகு எனக்கும் ஓட்டக் கற்றுக்கொடுத்தார். என் குள்ள உருவத்துக்கு, உட்கார்ந்தபடியே இரண்டு பாதமும் தரையில் பதிகிற வண்டி உலகத்தில் அது ஒன்றுதான்.

அப்பா போனதும் அவர் ஆபீசிலேயே எனக்கு வேலை கொடுத்தார்கள். அதனால் எங்கள் மோதி பாக் அரசாங்கக் குவார்ட்டர்ஸ் தப்பியது. நான்தான் பஸ்ஸிலிருந்து தப்பவில்லை. லோதி ரோட்டு ஆபீசுக்குப் போய் இறங்குவதற்குள் எத்தனை கைகள், எத்தனை இடிகள். சேஃப்டி பின்னை விரல் இடுக்கில் விரித்து வைத்துக்கொண்டு நின்றுதான் தினமும் போனேன். குட்டியோ மாடிப்படிக்கு அடியில் சாக்கைப் போர்த்திக்கொண்டு துருப்பிடித்துக் கிடந்தது. அது ஓடினால் நான் அந்தப் பஸ்ஸில் ஏற வேண்டாம். எனக்கு வேண்டியிருந்தது அவ்வளவுதான்.

நீங்கள் வந்தீர்கள், மூத்த மாப்பிள்ளை. ஃபைலில் குறிப்பு எழுதப் போகிறவர் மாதிரி வண்டியை இரண்டு சுற்றுச் சுற்றினீர்கள். "பொம்பளப் பிள்ள நீ வண்டி மிஸ்திரியத் தேடி எங்க அலைவ? கொண்டா, ஜல்தியா முடிச்சுத் தாரேன்" என்றீர்கள். அந்த ஜல்தி, லோதி ரோட்டில் உங்கள் வீட்டு வராந்தாவில் இரண்டு குளிர்காலம் நீண்டது.

முதல் மாதமே இஞ்சின் ஓடிவிட்டது, அத்தான். என் காதாலேயே கேட்டேன். அன்றைக்கே கொடுத்திருக்கலாம். கொடுத்தால் உங்கள் பெருமை என்ன ஆவது? ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் நான் வந்து கேட்க, ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் அதில் ஒரு அசிங்கம் கூடியிருக்கும். லாரி ஹாரன். மட்கார்டில் மயில். கல்யாண வீட்டுச் சீரியல் லைட் மாதிரி நீல பல்பு வரிசை. எல்லாவற்றுக்கும் மேலே, அடியில் இரும்பு ஸ்டாண்டு கொடுத்து அரை முழம் உயர்த்திய சிவப்பு ரெக்சின் சீட்டு, ஓரமெல்லாம் குஞ்சம். கண்ணாடி மட்டும் ஒன்று, இரண்டு என்று எட்டு வரை ஏறிக்கொண்டே போனது. வெளிநாட்டுக்காரனே வாயைப் பிளப்பான் என்று காலனி முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தீர்கள். இந்த மனிதருக்கா என் அக்காவைக் கொடுத்தார்கள் என்று நான் பஸ்ஸில் பல்லைக் கடித்துக்கொண்டு போனேன்.

கடைசியில் ஆயுத பூஜையன்று லோதி ரோட்டுத் தமிழாட்களை எல்லாம் கூப்பிட்டு வண்டியைத் திறந்து காட்டினீர்கள். எட்டுக் கண்ணாடிக்கும் சந்தனப் பொட்டு. என்னை ஏறி உட்காரச் சொன்னீர்கள். உட்கார்ந்தேன். கால் இரண்டும் அந்தரத்தில் ஆடின. அப்பாவின் வண்டியில், அத்தனை பேர் முன்னால், நான் தொட்டில் பிள்ளை மாதிரி தொங்கினேன். சீட்டை இறக்கித் தாருங்கள் என்றேன். ஸ்பேனர் எல்லாம் பூஜையில் இருக்கிறது, நாளைக்குத்தான் எடுக்கலாம் என்றீர்கள். பிறகு பேச்சை மாற்ற, பிரேக் டிரம்மைத் தட்டிக் காட்டினீர்கள்.

"இதுல மட்டும் மிஸ்திரியக் கை வைக்க விடல. நானே கட்டுனது."

"ஓடுத வண்டிக்குத்தான் பிரேக்கு வேணும் அத்தான். பொம்மைக்கு எதுக்கு?"

வராந்தாவே சிரித்தது. உங்கள் மேலதிகாரிகூடச் சிரித்தார். நீங்கள் சுண்டலைக் கீழே வைத்துவிட்டு உள்ளே போனீர்கள். நான் நிறுத்தினேனா? பக்கத்து வீட்டு சர்தார்ஜிக்கு ஆயுத பூஜை கிடையாது. அவரிடம் ஸ்பேனர் வாங்கி வந்து, கண்ணாடி, ஹாரன், மயில், ஸ்டாண்டு எல்லாவற்றையும் கழற்றி உங்கள் வாசலில் குவித்தேன். மூலையில் கிடந்த அப்பாவின் பழைய சீட்டை மாட்டினேன். கருவியைத் தொடக்கூடாத நாளில் தொடுகிறாளே என்று அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். உதைத்தேன், ஸ்டார்ட் ஆனது, கிளம்பிவிட்டேன்.

இனி எழுதுவது யாருக்கும் தெரியாது, அக்காவுக்குக்கூட.

சப்தர்ஜங் பக்கத்துக் கோல் சக்கர் ரவுண்டானாவில், நான் ஜெயித்த மிதப்பில் வளைந்துகொண்டிருந்தபோது, இடப்பக்கத்திலிருந்து ஒரு பஸ் நிற்காமல் உள்ளே வந்தது. நான் யோசிக்கவே இல்லை, கை தானாக அழுத்தியது. குட்டி நின்றது. இழுக்கவில்லை, வழுக்கவில்லை, அறைந்த ஆணி மாதிரி நின்றது. பஸ்ஸின் தகரம் என் முழங்கையை உரசிக்கொண்டு போனது. இரண்டு காலையும் தரையில் ஊன்றிக்கொண்டு எவ்வளவு நேரம் நின்றேனோ தெரியாது.

வீட்டில் சொன்னால் என்ன சொல்வார்கள்? ஆயுத பூஜையன்று ஸ்பேனரைத் தொட்டாய் அல்லவா, அதுதான் காட்டிவிட்டது என்பார்கள். நீங்களும் அதையே சொல்வீர்கள், பத்து வருஷம் சொல்வீர்கள். அந்தச் சந்தோஷத்தை உங்களுக்குக் கொடுக்க எனக்கு மனசில்லை. வாயை மூடிக்கொண்டேன்.

அதன் பிறகு நீங்கள் என்னோடு நேராகப் பேசவில்லை. ஆனால் தீபாவளிக்கும் பொங்கலுக்கும் அக்கா தவறாமல் கேட்பாள்: "அவுக கேக்காக, பிரேக்கு எப்படி இருக்காம்?" இருக்கு என்று மட்டும் சொல்லியனுப்புவேன். போன மாசம் ஆஸ்பத்திரியில், மூக்கில் குழாயோடு நீங்களே கேட்டீர்கள். அப்போதும் அதே "இருக்கு"தான். நீங்கள் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டீர்கள். என்ன ஜென்மம் நான்.

நேற்று அந்தக் கண்ணாடிகளை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தேன். ஒவ்வொன்றிலும் ஒரு பொட்டின் மேல் இன்னொரு பொட்டாகச் சந்தனம் தடித்துக் கிடக்கிறது. ஒவ்வொரு ஆயுத பூஜைக்கும் எடுத்துப் பொட்டு வைத்திருக்கிறீர்கள் போல. வண்டியே இல்லாமல் கண்ணாடிக்குப் பூஜை! இப்படி ஒரு கோட்டிக்காரத்தனம் உண்டா?

டின்னைக் குட்டியின் பின்னால் கட்டிக்கொண்டு வந்துவிட்டேன். அதே கோல் சக்கரில், எந்தப் பஸ்ஸும் வராதபோதே, ஒரு தடவை அழுத்திப் பார்த்தேன்.

பிரேக் பிடிக்கிறது அத்தான். அன்றைக்கும் பிடித்தது. அதனால்தான் இதை எழுத நான் இருக்கிறேன்.

மயில் மட்டும் இன்னமும் சகிக்கவில்லை.