மூன்றாவது பிளக்

மானிப்பாய்,
யாழ்ப்பாணம்,
ஓகஸ்ட் 28.

அன்புள்ள றயன் அண்ணைக்கு,

காரைப் பழுதாக்கியது நீங்கள். லெனாட் அல்ல.

வட்ஸ்அப்பில் ஐந்து முறை எழுதிவிட்டேன். நீலக் கோடு விழுகிறது, பதில் வரவில்லை. அதனால் பதிவுத் தபாலில் அனுப்புகிறேன். கூட வரும் சின்னப் பொட்டலத்தைக் கடிதம் வாசித்த பிறகு பிரியுங்கள்.

அப்பாவும் அம்மாவும் சுகம். அப்பாவின் வலது கண்ணுக்கு வருகிற மாதம் ஒப்பரேசன். அம்மாவின் பிறசர் ஏறி இறங்கிக்கொண்டிருக்கிறது. நீங்கள் மறந்துவிட்டுப்போன கறுப்புக் கண்ணாடி பத்திரமாக இருக்கிறது.

வீட்டுக் கார் விசயத்துக்கு வருகிறேன். ஊரில் விற்பதெல்லாம் போலி என்று சொல்லி, கனடாவிலிருந்து வரும்போது நாலு ஸ்பாக் பிளக் கொண்டுவந்தீர்கள். ஒரு சனிக்கிழமை, போனில் வீடியோ பார்த்துப் பார்த்து முற்றத்தில் நீங்களே பூட்டினீர்கள். நான் டோர்ச் பிடித்துக்கொண்டு நின்றேன். மூன்றாவது பிளக் உங்கள் கையிலிருந்து நழுவிச் சீமெந்தில் விழுந்தது. எடுத்து உடுத்திருந்த சாரத்தில் துடைத்து, "ஒண்டும் ஆகேல்லை" என்று பூட்டினீர்கள். அடுத்த நாள் காலை கார் நின்ற இடத்திலேயே உதறியது. மிதித்தால் இழுவை இல்லை. எஞ்சின் லைற் மின்னிக்கொண்டே இருந்தது.

வழமைபோலத் திருநெல்வேலியில் லெனாட்டின் கராச்சுக்குக் கொண்டுபோனோம். குருநகர்க் கடற்கரைப் பெடியன். தொழில்நுட்பக் கல்லூரியில் படித்தவன். பலாலி வீதிக்குப் பக்கத்து ஒழுங்கையில் தகரக் கொட்டகை போட்டு மூன்று வருடம். ஸ்கானரைக் கொழுவினான். மூன்றாவது சிலிண்டர் எரியவில்லை என்று காட்டியது. ஏன் என்று அது சொல்லாது, ஆள்தான் தேட வேண்டும்.

நீங்கள் சோடா குடிக்கக் கடைக்குப் போனீர்கள். அவன் எனக்கு விளங்கப்படுத்தினான். ஒவ்வொரு பிளக்கின் தலையிலும் கரண்ட் கொடுக்கும் கொயில் ஒன்று இருக்கிறது. நாலு கொயிலுக்கும் வெள்ளைப் பெயின்ரால் நம்பர் போட்டு, இரண்டாவதையும் மூன்றாவதையும் இடம் மாற்றினான். கொயிலில் பிழையென்றால் கோளாறு கொயிலோடு சேர்ந்து இரண்டாவது சிலிண்டருக்குப் போகும். போகாவிட்டால் கொயில் நல்லது. எஞ்சினை ஸ்ராட் பண்ணினான். ஸ்கானர் திரும்பவும் மூன்று என்றே சொன்னது. இனிப் பிளக்கைக் கழற்ற வேண்டும் என்று ஸ்பானரை எடுத்தபோதுதான் நீங்கள் வந்தீர்கள்.

ஒன்று, மூன்று, இரண்டு, நாலு. அந்த நம்பர்களைப் பார்த்து, உங்கள் கொயிலைக் களவெடுத்துப் பழசைப் பூட்டுகிறான் என்று முடிவுகட்டினீர்கள். படம் எடுத்து, நானூறு பேர் இருக்கிற பழைய மாணவர் குழுவில் கராச்சின் பெயரோடு போட்டீர்கள். "கள்ளன், கவனம்" என்று.

அவன் சொன்னது இவ்வளவுதான்: "அண்ணை, பிளக்கை இன்னும் கழட்டேல்லை. ஒரு பத்து நிமிசம் தாங்கோ."

நீங்கள் சொன்னது: "வலை இழுக்கிற கைக்கு ஸ்கானர் என்னத்துக்கு? உங்கடை ஆக்களுக்குப் போட் எஞ்சின்தான் சரி."

அங்கே நின்ற இரண்டு பேர் நிலத்தைப் பார்த்தார்கள். நான் போனைப் பார்த்தேன். பிளக் விழுந்தது எனக்குத் தெரியும். ஒரு வசனம் போதும். சொல்லவில்லை.

நீங்கள் விமானம் ஏறிய மறுநாள், உதறுகிற காரை அவனிடமே கொண்டுபோனேன். தொட மாட்டேன் என்றான். பிறகு, "போனிலை வீடியோ எடுங்கோ தங்கச்சி, எடுத்தால்தான் கழட்டுவன்" என்றான். தன் வேலையைத் தன் கொட்டகையில் செய்வதற்கு அவனுக்குச் சாட்சி தேவைப்பட்டது. எடுத்தேன். மூன்றாவது பிளக்கின் வெள்ளைப் பீங்கானில் மயிரளவு வெடிப்பு, அதன் வழியே கறுப்புக் கோடு. நுனியில் பொறியாக வேண்டிய கரண்ட் அந்த வெடிப்பால் ஒழுகிப்போயிருக்கிறது. பக்கத்துக் கடையில் வாங்கிய பிளக் ஒன்றைப் பூட்டினான். எஞ்சின் அமைதியாகிவிட்டது.

அப்போதுதான் அது விழுந்ததைச் சொன்னேன். கையைத் துடைத்துக்கொண்டே கேட்டான்: "அண்டைக்கே தெரியுமோ?"

ஓம் என்றேன். பழைய பிளக்கை என் கையில் தராமல் காரின் மேல் வைத்துவிட்டு உள்ளே போனான்.

வீட்டில் சொன்னால், "உந்த ஆக்களுக்கு உது பழகின கதைதானே, விடு பிள்ளை" என்கிறா அம்மா. அவர்களும் நாங்களும் ஒரே ஆண்டவரிடம்தான் முழங்காலில் நிற்கிறோம். ஆனால் லெனாட் காரைக் கொண்டுவந்து விட்டால் தேத்தண்ணி வாசலோடுதான், அதுவும் தனிக் கிளாசில். அந்தக் கிளாசை இந்தக் கிழமைதான் நான் கவனித்தேன். இருபத்தாறு வருடம் இந்த வீட்டில் இருந்திருக்கிறேன்.

பொட்டலத்தில் இருப்பது அந்தப் பிளக். வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். பிறகு அதே குழுவில், "பிளக்கை விழுத்தியது நான்தான்" என்று உங்கள் பெயரில் எழுதுங்கள்.

இப்படிக்கு,
தங்கச்சி ஷரோன்


மானிப்பாய்,
ஒக்டோபர் 3.

றயன் அண்ணைக்கு,

செப்டெம்பர் 12ஆம் திகதி நீங்கள் கையெழுத்துப் போட்டுப் பொட்டலத்தை எடுத்ததாகத் தபால் இணையத்தளம் காட்டுகிறது.

அப்பாவின் ஒப்பரேசன் நல்லபடி முடிந்தது. கட்டு அவிழ்த்ததும் உங்களோடு கதைக்க வேண்டும் என்றார். நீங்கள் கதைத்தீர்கள், கால் மணித்தியாலம். காரைப் பற்றி ஒரு சொல் இல்லை. அப்பாவும் அந்தக் குழுவில் இருக்கிறார். அதில் உண்மையை எழுதச் சொன்னால், வெளிநாட்டிலிருக்கிற பிள்ளையின் மனத்தை நோகப்பண்ண முடியாதாம்.

வீடியோவை என் முகநூலில் போட்டேன். வெடிப்பை ஒருவரும் பார்க்கவில்லை. உங்கள் கூட்டாளி ஒருவர், எனக்கும் அவனுக்கும் என்ன தொடர்பு என்று கேட்டு எழுதினார். அதற்குச் சிரிப்புக் குறிகள் அறுபது. லெனாட்டே செய்தி அனுப்பினான், எடுத்துவிடச் சொல்லி. எடுத்துவிட்டேன்.

முந்தி அவன் கொட்டகைக்கு வெளியில் எப்போதும் மூன்று வாகனமாவது நிற்கும். போன மாதம் ஒன்றும் இல்லை. இந்த மாதம் பூட்டு. நேற்றுக் கொழும்புத்துறைக் கரையில் அவனைக் கண்டேன். முழங்கால் தண்ணீரில் நின்று போட் எஞ்சின் ஒன்றைக் கழற்றிக்கொண்டிருந்தான். நீங்கள் சொன்ன இடத்துக்கே அவனைக் கொண்டுபோய் விட்டீர்கள். நான் டோர்ச் பிடித்தேன்.

கார் நன்றாக ஓடுகிறது. அதில் ஏறும்போதெல்லாம் அந்த உதறல் சத்தம் இல்லாதது எனக்குக் கேட்கிறது.

உங்களுக்கு ஒரு குறையும் வரக்கூடாது என்று அம்மா ஞாயிறு தவறாமல் செபிக்கிறா. நானும் பக்கத்தில்தான் நிற்கிறேன், வாய் அசைவதில்லை. லெனாட்டின் நம்பரைக் கடித உறையின் உட்பக்கத்தில் எழுதியிருக்கிறேன். அவனோடு கதையுங்கோ, அண்ணை. இண்டைக்கே கதையுங்கோ.

ஷரோன்