சாமிப் பெட்டியும் நாளைய ஆபரேஷனும்

அன்பு மகன் முத்துக்குமரனுக்கு அம்மா முத்துத்தாய் எழுதிக்கொண்டது. நீயும் மருமகள் பவதாரிணியும் அந்தக் குளிர் தேசத்தில் சளி காய்ச்சல் அண்டாமல் இருக்கக் கருப்பசாமி துணையிருக்கட்டும். எங்கள் சுகத்தைச் சொல்லத்தான் இந்தக் கடிதம், அது நல்லபடியாக இல்லை அய்யா. போனில் சொல்லியிருக்கலாமே என்பாய். போன் எந்நேரமும் உங்கப்பா தலைமாட்டில் கிடக்கிறது, நீ கூப்பிட்டால் ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசுகிறார், ஆஸ்பத்திரி வார்டே கேட்கிறது. வேறு யார் போனிலாவது பேசினால் இத்தனையையும் அழாமல் சொல்ல எனக்கு வராது. அதனால் இதை எழுதி, ஆனையூர்ச் சித்தி கனகாவிடம் கொடுத்துப் போட்டோ எடுத்து உனக்கு அனுப்பச் சொல்லப்போகிறேன். படித்ததும் அழித்துவிடு.

அப்பாவுக்குப் புராஸ்டேட்டில் வந்த புற்றுநோய் எலும்புக்கு இறங்கிவிட்டது. போன ஆவணியில் கண்டுபிடித்தபோது, மூன்று மாதத்துக்கு ஒரு ஊசி போட்டால் அடங்கிக் கிடக்கும் என்று டாக்டரம்மா சொன்னது உனக்கும் தெரியும். ஆவணியிலும் கார்த்திகையிலும் ஒழுங்காகப் போட்டார். அடுத்த ஊசி மாசி சிவராத்திரி விரதத்துக்குள் வந்து விழுந்தது. சாமிப் பெட்டி தூக்குகிறவன் காப்புக் கட்டிய பிறகு உடம்பில் ஊசி ஏறக்கூடாது, ரத்தம் வரக்கூடாது என்று ஒரே பிடிவாதம். சாமி நகையும் துணியும் வைத்த அந்தப் பெட்டியைத் தோளில் ஏற்றிக்கொண்டு வெறுங்காலோடு கோயில் வரைக்கும் நடந்தார், வந்து உட்கார்ந்து, ஒடம்பு இரும்பு மாதிரி இருக்கு இனிமே ஊசி எதுக்குடி என்று என்னிடமே கேட்டார். நானும் நம்பித் தொலைத்தேன். ஊசி போட்டாச்சா என்று நீ கேட்கும்போதெல்லாம் ஆச்சு ஆச்சு என்று உன்னிடம் சொல்லிக்கொண்டே இருந்துவிட்டார். போன வாரம் வயலில் குத்தவைத்து உட்கார்ந்தவரால் எழுந்திருக்க முடியவில்லை. கால் இரண்டும் மரத்துப்போய்விட்டது. முதுகெலும்பில் கட்டி வந்து நரம்பை அமுக்குகிறதாம். கோரிப்பாளையம் பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்து முதுகுக்கு ரேடியேஷன் என்கிற கரண்டு வைக்க ஆரம்பித்திருக்கிறார்கள்.

நேற்று டாக்டரம்மா என்னையும் கனகாவையும் உட்காரவைத்துப் பொறுமையாகச் சொன்னார். இதைக் குணமாக்க முடியாது, கட்டுக்குள் வைக்கலாம், அவ்வளவுதான். ஆண் சுரப்புத்தான் இந்த நோய்க்குத் தீனி, அதை நிறுத்த வேண்டும். ஊசி ஒரு வழி, விதையை எடுத்துவிடும் ஆபரேஷன் இன்னொரு வழி. ஊசியை ஆயுசுக்கும் தவறாமல் போட வேண்டும், இவர் லட்சணம்தான் தெரிந்துபோச்சே. ஆபரேஷன் ஒரே தடவை, சுரப்பும் உடனே இறங்கிவிடும், கால் ஒரேயடியாகப் போய்விடாமல் இருக்க இப்போது வேகம்தான் முக்கியம் என்றார். எந்த வழியில் போனாலும், எங்களுக்குத் தீட்டு நிற்கிற வயதில் வருமே, அதுபோல உடம்பு கொதித்து வேர்க்குமாம், எலும்பு மெலியுமாம், மார்பு வீங்கலாமாம், ஆம்பளை ஆசை போய்விடுமாம், சோர்வு ஆளைச் சாய்த்துவிடுமாம். கூடவே தினமும் மாத்திரை, அதில் சர்க்கரையும் பிரஷரும் ஏறும், உங்கப்பாவுக்கு ஏற்கெனவே சர்க்கரை. கீமோவை இப்போது இந்த உடம்பு தாங்காது, பிறகு பார்க்கலாம் என்றார். எரிகிற கொள்ளியில் எந்தக் கொள்ளி நல்ல கொள்ளி சொல்லு.

உங்கப்பாவிடம் சொன்னதும், காளைக்குக் காயடிக்கிற மாதிரி என்னையும் அமுக்கிப் பிடிச்சு அறுக்கப்போறீகளா என்று கத்தினார், பக்கத்துப் படுக்கைக்காரர் எழுந்து உட்கார்ந்துவிட்டார். அப்புறம் சத்தம் இறங்கிப்போய், ஊனப்பட்டவன் பெட்டியத் தொடக்கூடாது, மாசி வரைக்கும் விட்ரு, இந்தத் தடவையும் தூக்கி எறக்கி வச்சுட்டுச் செத்துப்போறேன் என்றார். எனக்கு வந்த ஆத்திரத்தில், நிக்கவே காலக் காணோம், பெட்டிய எதுல தூக்குவீக என்று கேட்டுவிட்டேன். சுவர்ப்பக்கம் திரும்பி அழுதார். இதற்கு முன்னால் அவர் அழுததை நான் கல்யாணம் ஆன நாளிலிருந்து பார்த்ததில்லை. வெளியே வந்து கனகா போனை வாங்கிப் பூசாரி பேயாண்டிச் சித்தப்பாவைக் கூப்பிட்டேன். சாமி என்ன உசுரா கேக்குது மதினி, அண்ணன் ஒதுங்கிக்கிறட்டும், மகன் வந்து தூக்கட்டும் என்றார்.

நீ போன தடவை வந்தபோது, இந்தப் பெட்டிக்கும் எனக்கும் சம்பந்தம் இல்லை என்று உங்கப்பா முகத்துக்கு நேரே சொன்னாய். அவரும் மறக்கவில்லை, நானும் மறக்கவில்லை. இருந்தும் நேராக உள்ளே போய், முத்துக்குமரன் கனகா போன்ல பேசினான், மாசிக்கு வாரேன், பெட்டிய நான் தூக்குறேன்னு சொல்லிட்டான் என்று சொல்லிவிட்டேன். அவனா சொன்னான், அவனா சொன்னான் என்று திரும்பத் திரும்பக் கேட்டார். அப்புறம் ஆபரேஷனுக்குக் கையெழுத்துப் போடப் பேனா கேட்டார். நாளைக் காலையில் ஆபரேஷன்.

இன்று சாயங்காலம் உன்னைக் கூப்பிடுவார் அய்யா. கால் வலியைப் பற்றியோ ஆபரேஷனைப் பற்றியோ பேசமாட்டார், மாசிக்குப் பெட்டி தூக்க வருவாயா என்று மட்டும்தான் கேட்பார். வாரேன்பா என்று சொல்லிவிடு. வருவதும் வராததும் உன் இஷ்டம், உன் மனசுக்கு விரோதமாக உன் தோளில் எதையும் ஏற்ற எனக்கும் பிரியமில்லை. மாசியில் நீ வராமல் போனால் என் மேல்தான் பாய்வார், ஏமாத்திப்புட்டியேடி என்று ஊரைக் கூட்டுவார். கூட்டட்டும். என்னைத் திட்டுவதற்காவது அந்த மனுஷன் அப்போது இருக்கட்டும்.

நீங்கள் இருவரும் நோய்நொடி இல்லாமல் நூறு வருஷம் வாழ வேண்டும். பேசும்போது தொண்டை கம்மாமல் பேசு, கண்டுபிடித்துவிடுவார்.

இப்படிக்கு,
உன் அம்மா
முத்துத்தாய்