மதிலின் மேல் வைக்காத டப்பா

மதினி,

இன்று காலை தாளிக்கக் கடுகு எடுக்கப் போனேன். அலமாரியில் கை பட்டு உங்கள் மஞ்சள் மூடி டப்பா குலுங்கியது. உள்ளே மாத்திரைகள் உருண்ட சத்தம். அவ்வளவுதான், கடுகு மறந்துவிட்டது. எண்ணெய் புகைந்து வீடெல்லாம் கமறி, எதிர் வீட்டுப் பெண் "என்னக்கா கருகுது?" என்று குரல் கொடுக்கும்வரை அங்கேயே நின்றிருந்தேன்.

எனக்கு இருப்புக் கொள்ளவில்லை மதினி. உட்கார்ந்தால் எழத் தோன்றுகிறது. எழுந்தால் எங்கே போவதென்று தெரியவில்லை. இந்த நாலு வரி எழுதுவதற்குள் இரண்டு தடவை எழுந்துபோய் வாசலைப் பெருக்கினேன், பெருக்கின வாசலையே. சும்மா உட்கார்ந்திருக்கும்போதும் நெஞ்சு படபடவென்று அடித்துக்கொள்கிறது. சோறு இறங்கவில்லை. எரியோடு ஊர்ப் பள்ளிக்கூடத்துச் சத்துணவில் இருபத்தெட்டு வருசம் இருநூறு பிள்ளைகளுக்கு உலை வைத்தவள் நான். எனக்கென்று ஒரு பிடி அரிசி போடக் கை வரமாட்டேன் என்கிறது.

போன வாரம் ஆஸ்பத்திரியில் பிரஷர் பார்த்தார்கள். நூற்றுத் தொண்ணூறு. டாக்டரம்மா சின்னப் பெண். "மாத்திரை போடுறீங்களாம்மா?" என்று கேட்டது. "போடுறேன்" என்றேன். "வீட்டுல கூட யாரு இருக்கா?" என்றது. "பிரஷருக்கு மாத்திரை கேட்டா வீட்டுல யாருன்னு எதுக்குக் கேக்குற? அங்ஙன வந்து சமைச்சுப் போடப் போறியா?" என்று கேட்டுவிட்டேன். பாவம், அந்தப் பிள்ளையின் முகம் சுண்டிப்போனது. என் வாய் உங்களுக்குத் தெரியாததா?

போடுறேன் என்று சொன்னது பொய். நீங்கள் போனதிலிருந்து ஒரு மாத்திரைகூட நான் போடவில்லை. என் மாத்திரைச் சம்புடம் உங்கள் வீட்டில் அல்லவா இருக்கிறது. புதிதாகக் கொடுத்த அட்டைகள் பைக்குள்ளேயே கிடக்கின்றன. பிரிக்கக் கை போகவில்லை.

மாத்திரையை மாற்றி வைத்துக்கொள்ளும் இந்த ஏற்பாடு தொடங்கிய நாள் நினைவிருக்கிறதா? நாம் இரண்டு பேரும் ஒரே நாளில் வடமதுரை ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தோம். எனக்கு இருநூறு, உங்களுக்கு இருநூற்றுப் பத்து. நர்சு இடுப்பில் கையை வைத்துக்கொண்டு, "ரெண்டு பேரும் மாத்திரைய வாங்கிட்டுப் போயி கோழிக்கா போடுறீங்க?" என்று கத்தினாள். எனக்குச் சுருக்கென்றது. பதிலுக்குக் கத்த வாயைத் திறந்தேன். அதற்குள் நீங்கள் உங்கள் பழனிப் பக்கத்துக் கீரனூர்ப் பேச்சில், அலுங்காமல் சொன்னீர்கள்: "ஏனுங்க நர்சம்மா, அம்மிணி மாத்திரைய எங்கிட்டக் குடுங்க. எம்படத அம்மிணிகிட்டக் குடுங்க. தனக்குன்னா மறந்து போகுது. அடுத்தவங்களுக்குன்னா மறக்குமுங்களா?"

நர்சு சிரித்துவிட்டாள். நீங்கள் சிரிக்கவில்லை. அன்று சாயங்காலமே என் மாத்திரையை எவர்சில்வர் சம்புடத்தில் போட்டு உங்கள் வீட்டுக்குக் கொண்டுபோய்விட்டீர்கள். உங்களுடையது மஞ்சள் மூடி டப்பாவில் என் அலமாரிக்கு வந்தது.

அன்றிலிருந்து தினமும் காலை ஏழு மணிக்கு, நம் இரண்டு வீட்டுக்கும் நடுவில் இருக்கும் அந்த மார்பளவு மதில்தான் நமக்கு ஆஸ்பத்திரி. நீங்கள் அந்தப் பக்கம், நான் இந்தப் பக்கம். "வாயத் தொறங்க அம்மிணி." "நான் என்ன பால்வாடிப் பிள்ளையா மதினி?" "நாக்கைத் தூக்குங்க, அடியில ஒளிச்சு வெப்பீங்க." தூக்கிக் காட்டினால்தான் விடுவீர்கள். பிறகு செத்த நேரம் பேச்சு. செத்த நேரம் என்றால் வெயில் ஏறும்வரை. சோற்றுக்கு என்ன வெஞ்சனம், கிடேரிக் கன்று பால் குடித்ததா, ஓசூரிலிருந்து என் மகன் போன் போட்டானா. நான் யாரையாவது திட்டுவேன், நீங்கள் "சேரி விடுங்க" என்பீர்கள். ஆறு மாதத்தில் எனக்கு நூற்று முப்பதுக்கு இறங்கிவிட்டது. நர்சுக்கு ஆச்சரியம். "மாத்திரை அதேதானேக்கா?" என்றாள். "மாத்திரை அதேதான், போட வைக்கிற ஆளுதான் புதுசு" என்றேன்.

அந்த மதிலை நானும் தாண்டியதில்லை, அண்ணனும் தாண்டியதில்லை. பதினோரு வருசம். அம்மாவைத் திண்டுக்கல் ஆஸ்பத்திரியில் வைத்திருந்தபோது அவர் மதுரைக்குக் கொண்டுபோகலாம் என்றார். அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு வீடு வீடு என்று அழுதது. நான் வீட்டுக்குக் கூட்டிவந்தேன். மறுநாளே அம்மா போய்விட்டது. இழவுக்கு வந்த அத்தனை பேர் முன்னாலும் அண்ணன் சொன்னார்: "ஒத்த நாள் பொறுத்திருந்தா அம்மா பொழச்சிருக்கும். இவதான் கொன்னா." நானும் சும்மா இருக்கவில்லை. "இனிமே ஒன் வாசப்படிய மிதிச்சா நான் ஒங்கூடப் பொறந்தவ இல்ல" என்றேன். சொன்ன சொல்லைக் காப்பாற்றுவதில் நாங்கள் இருவரும் ஒரே வார்ப்பு.

ஆனால் நீங்கள் விட்டீர்களா? "நேத்து அம்மிணி ஊட்டுல லைட்டே எரியலையே, ஏன்னு கேக்கறாருங்க" என்பீர்கள். "அவருக்கென்னவாம்?" என்று நான் முகத்தைத் திருப்புவேன். மறுநாள் அவர் வாய்க்கு ஏற்றபடி கீரைக்கூட்டில் உப்பைக் குறைத்துப் போட்டு ஒரு கிண்ணம் நீட்டுவேன். "யாருக்கு வேணும்னாலும் குடுங்க." நீங்கள் யாருக்கென்று கேட்டதே இல்லை. ஒருநாள் மட்டும் சொன்னீர்கள்: "நீங்க ரெண்டு பேரும் எம்பட ரெண்டு கண்ணுங்க. ஒண்ணை ஒண்ணு பாத்துக்கறதில்லீங்க, அவ்வளவுதான்."

இனிமேல் எழுதப்போவது உங்களுக்குப் பாதிதான் தெரியும்.

தை மாதம் கீரனூரில் உங்கள் தம்பி மகள் கல்யாணம். எப்போது ஊருக்குப் போனாலும் அத்தனை நாளுக்கும் மாத்திரை எண்ணிப் பொட்டலம் கட்டித் தருவேன். அந்த வியாழக்கிழமை வேன் ஒரு மணி நேரம் முன்னாலேயே வந்துவிட்டது. நான் ரேஷன் கடையில் நின்றிருந்தேன். திரும்பி வந்தால் நீங்கள் கிளம்பிவிட்டீர்கள். வெள்ளிக்கிழமை காலை ஏழு மணிக்குப் பழக்கத்தில் டப்பாவைக் கையில் எடுத்துக்கொண்டு மதிலுக்கு வந்த பிறகுதான் உறைத்தது. உடனே போன் போட்டேன். பின்னால் ஒரே சிரிப்புச் சத்தம். "நாலு நாள்தானுங்களே அம்மிணி. இத்தனை சனத்தோட உக்காந்து சிரிச்சாலே பிரஷர் எறங்கிரும்" என்றீர்கள்.

சனிக்கிழமை காலை அண்ணன் கல்யாணத்துக்குக் கிளம்பினார். வண்டியைத் துடைத்துக்கொண்டிருந்தார். நான் மதிலோரம் டப்பாவோடு நின்றேன். ஒரு வார்த்தை பேசவேண்டாம் மதினி. அந்த மதில்மேல் டப்பாவை வைத்துவிட்டு வந்திருந்தால் போதும். அவர் நிமிர்ந்து பார்த்தார். முகத்தைத் திருப்பிக்கொண்டார். எனக்குச் சுருசுருவென்று ஏறியது. அம்புட்டு வீம்பா உனக்கு என்று டப்பாவை எடுத்துக்கொண்டு உள்ளே வந்துவிட்டேன்.

திங்கட்கிழமை காலை, ஒரு பிள்ளைக்குத் தலை சீவிவிட்டுக்கொண்டிருந்தவர் அப்படியே சாய்ந்துவிட்டீர்களாம். மூளையில் ரத்தக்குழாய் வெடித்ததாம். பழனி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயும் சாயங்காலம் எல்லாம் முடிந்துவிட்டது.

வெள்ளி, சனி, ஞாயிறு, திங்கள். நாலு மாத்திரை.

ஊரெல்லாம் அழுதபோது நானும் மதிலுக்கு இந்தப் பக்கமே நின்று அழுதேன். அண்ணன் வருகிறவர்களிடமெல்லாம், "மாத்திரையெல்லாம் ஒழுங்காத்தான் போட்டா" என்று சொல்லிக்கொண்டிருந்தார். உண்மை தெரிந்தால் மறுபடி, இவதான் கொன்னா. இந்தத் தடவை பதில் பேச என்னிடம் ஒன்றும் இருக்காது.

இதோ, எழுதும்போதே மதிலுக்கு அந்தப் பக்கம் சத்தம் கேட்கிறது. எட்டிப் பார்த்தேன். அண்ணன் இடது காலில் துணி சுற்றிக்கொண்டு நொண்டி நொண்டிக் குழாயடிக்குப் போகிறார். முருங்கைத் தோட்டத்தில் கருவேல முள் ஏறி மாதம் ஒன்றாகிறதாம், ஆறவில்லையாம். எதிர் வீட்டுப் பெண் சொன்னாள். சுகர்க்காரர். உங்களுக்குப் பிறகு ஆஸ்பத்திரிப் பக்கமே போகவில்லை. அடுப்பும் எரியவில்லை, மூன்று வேளையும் புரோட்டாக் கடை. ஆள் பாதியாகிவிட்டார். இப்படியே விட்டால் காலை எடுக்கவேண்டி வரும், இல்லை ஆளையே தூக்கவேண்டி வரும். இந்த மதிலில் நின்று அதையும் நான் வேடிக்கை பார்க்கவா?

மிச்சத்தை வந்து எழுதுகிறேன் மதினி. போய்ட்டு வாரேன்.

நாலு நாள் ஆகிவிட்டது. விட்ட இடத்திலிருந்து சொல்கிறேன்.

அன்று உங்கள் டப்பாவை எடுத்துக்கொண்டு, தெரு வழியாகச் சுற்றி, உங்கள் வாசற்படியில் ஏறினேன். அண்ணன் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் துணி சுற்றிய காலை உள்ளே இழுத்துக்கொண்டார். ஈரத் துணி வாடையும் புண் வாடையும் அடித்தது. உங்கள் வீடு மாதிரியே இல்லை. டப்பாவை அவர் பக்கத்தில் வைத்தேன்.

"அண்ணே, மதினி மாத்திரை எங்கிட்டதான் இருந்துச்சு. கல்யாணத்துக்குப் போனப்ப குடுத்துவிடல. நாலு நாளு அவுக மாத்திரையே போடல. நீ என்னைய என்ன சொன்னாலும் சொல்லு, கேட்டுக்கிறேன்."

கத்துவார் என்று பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். அவர் டப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எனக்குத் தெரியும்" என்றார்.

"என்ன தெரியும்?"

"வெள்ளிக்கிழமை பொழுதடைய போன் போட்டா. வரும்போது ஒங்கிட்ட இருந்து டப்பாவ வாங்கியாரச் சொன்னா. அவ வாசலுக்கு நான் போவணுமா, பழனியில மெடிக்கல்ல வாங்கித் தாரேன்னேன். போன எடத்துல மறந்துட்டேன்." டப்பா மூடியை விரலால் தடவினார். "மறுநா நீ டப்பாவோட மதில்கிட்ட நின்னத பாத்தேன்ல செல்வி. எதுக்கு நிக்கிறன்னு தெரிஞ்சேதான் மூஞ்சியத் திருப்புனேன்."

எனக்குக் கோபம் வந்தது மதினி. பொய் சொல்லமாட்டேன். பாவி மனுசா என்று அவர் தோளில் இரண்டு அடி அடித்தேன். அவர் தடுக்கவில்லை. அடித்த கையைப் பிடித்துக்கொண்டு ஓவென்று அழுதார். அம்மா செத்தபோதுகூட அவர் அப்படி அழவில்லை. நானும் அந்தக் கட்டிலிலேயே உட்கார்ந்துவிட்டேன். பதினோரு வருசத்துக்குப் பிறகு எங்கள் இருவரையும் ஒரே கட்டிலில் பார்க்க நீங்கள் இல்லை.

அழுது ஓய்ந்த பிறகு, "சாப்டியா?" என்றார். "நீ?" என்றேன். இரண்டு பேரும் இல்லை. உங்கள் அடுப்பில்தான் கஞ்சி வைத்தேன். உப்பு ஜாடி எங்கே என்று நான் தேட, அவர் நொண்டிக்கொண்டே வந்து எடுத்துக் கொடுத்தார். அன்று எனக்குச் சோறு இறங்கியது.

மறுநாள் இரண்டு பேரும் ஆஸ்பத்திரிக்குப் போனோம். டாக்டரம்மாவிடம் முதலில் மன்னிப்புக் கேட்டேன். பிறகு, நாலு வேளை மாத்திரை விட்டதால்தான் எங்கள் மதினி போனதா என்று கேட்டேன். அந்தப் பிள்ளை யோசித்துத்தான் சொன்னது. "அதனாலதான்னும் சொல்ல முடியாதும்மா, இல்லைன்னும் சொல்ல முடியாது." பொய்யாகத் தேற்றாமல் விட்டதற்கு எனக்கு அந்தப் பிள்ளையைப் பிடித்துவிட்டது. புண்ணைக் கழுவிக் கட்டினார்கள். கால் தப்பிக்கும், ஆனால் தினமும் கட்டு மாற்றவேண்டும், மாத்திரை தவறக்கூடாது என்றார்கள். மருந்து கொடுக்கும் இடத்தில் நான் கையை நீட்டினேன். "அவரு மாத்திரைய எங்கிட்டக் குடும்மா. என்னுது அவருகிட்ட இருக்கட்டும்." பழைய நர்சுதான். எங்களை மாறி மாறிப் பார்த்தாள். அட்டைகளைக் கை மாற்றிக் கொடுத்தாள்.

இப்போது காலை ஏழு மணிக்கு அண்ணன் மதிலுக்கு வருகிறார். உங்களைப் போல அவருக்குப் பேச வராது. சம்புடத்தைத் திறப்பார், நீட்டுவார், "போடு" என்பார். "நாக்கத் தூக்கு" என்பார். அதை அவருக்கு யார் சொன்னார்கள்? தினமும் உள்ளேயிருந்து கேட்டுக்கொண்டே இருந்திருக்கிறார் மனுசன். நான் நாலு வார்த்தை திட்டினால் அவருக்கு "சேரி விடு" என்று சொல்லத் தெரியவில்லை, அவரும் சேர்ந்து திட்டுகிறார். படபடப்பு முழுக்க அடங்கவில்லை. இன்றுகூட இரண்டு தடவை எழுந்து வாசலுக்குப் போய்வந்தேன். ஆனால் பெருக்கவில்லை.

உங்கள் டப்பாவை மட்டும் என்ன செய்வதென்று தெரியவில்லை. மிச்ச மாத்திரைகளை ஆஸ்பத்திரியில் திருப்பிக் கொடுத்துவிட்டேன், நாலைத் தவிர. அந்த நாலையும் முந்தானையில் முடிந்து வைத்திருந்தேன். இன்று காலை மதிலில் அண்ணன் முடிச்சைப் பார்த்துவிட்டார். "என்ன அது?" என்றார். அவிழ்த்துக் காட்டினேன். உள்ளங்கையில் இருந்த நாலையும் பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு கையை நீட்டினார்.

"ரெண்ட எங்கிட்டக் குடு செல்வி. நாலையும் நீயே செமக்காத."