சுருக்கிச் சொன்ன சேதி

ஸ்கந்தபுரம்,
20.11.2005

அன்பு மகன் கிருசாந்தனுக்கு அம்மா எழுதுவது. மேலே பிள்ளையார் சுழி போட்டுத்தான் தொடங்கியிருக்கிறேன், பயப்படாமல் வாசி. நானும் உன் தங்கச்சி தேனுகாவும் கடவுள் புண்ணியத்தில் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம், நீயும் அந்தச் சுவிஸ் குளிரில் அப்படியே இருக்கவேண்டும் என்று கந்தசாமியாரைக் கும்பிடுகிறேன். இங்கே மழை விட்டபாடில்லை. பள்ளக்காணி முழுக்கத் தண்ணீர், கணபதி சித்தப்பா வரம்பை வெட்டிவிட்டும் வடியவில்லை, விதைத்த நெல் அழுகாமல் இருந்தால் அதுவே பெரிய காரியம். எங்கள் பசு சிவப்பி நாம்பன் கன்று போட்டிருக்கிறாள். நேற்றும் பழக்கதோசத்தில் அப்பாவின் பேணியிலும் தேத்தண்ணி ஊற்றிவிட்டேன், அது குசினி அடுப்படியில் ஆறிப்போய்க் கிடந்தது.

உன் கடிதம் போன கிழமை வந்தது. நீ எழுதுவது எப்போதும் தந்தி மாதிரித்தான், தகப்பனுக்குத் தப்பாத பிள்ளை. அரசாங்கக் கச்சேரியில் சுருக்கெழுத்தாளராக இருந்த மனிசன், பென்சன் எடுத்த பிறகும் வாயாலும் சுருக்கெழுத்துத்தான். "அது" என்றால் மூக்குக்கண்ணாடி, "அங்க" என்றால் வயல், புருவத்தைத் தூக்கினால் உன்னிடமிருந்து ஏதும் வந்ததா என்று கேள்வி. அதையெல்லாம் விரித்து விரித்தே என் காலம் போனது. "ஏனப்பா, வாய்க்குள்ள என்ன கொழுக்கட்டையே" என்று நான் ஏசினால் சிரிப்பார். ஆனால் ஒன்று அடிக்கடி சொல்லுவார், "சுருக்கெழுத்தை அண்டைக்கே விரிச்சு எழுதிப்போட வேணும், விட்டால் எழுதினவனுக்கே விளங்காது" என்று. அது கந்தோர் வேலை விசயம், எனக்கென்ன என்று இருந்துவிட்டேன்.

நெஞ்சு நோவென்று அப்பாவை ஆஸ்பத்திரியில் வைத்த அன்றைக்கு உனக்குத்தான் முதலில் தொலைபேசி எடுத்தேன், நீ வேலையில், எடுக்கவில்லை. பிறகு உன் ஊரில் இருக்கிற சிற்றம்பலத்துக்கு எடுத்தேன். தொலைபேசிக் கடையில் எனக்குப் பின்னால் சனம் நெருக்கிக்கொண்டு நிற்கிறது, ஒரு பிள்ளை கைக்குழந்தையோடு அழுதுகொண்டு நிற்கிறது, அந்த அந்தரத்தில் "அப்பா ஆஸ்பத்திரியில, தம்பி கிருசாந்தனுக்குச் சொல்லுங்கோ" என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டேன். "ஆள் நினைவோட இருக்கிறார், பிள்ளையின்ர குரலைக் கேக்க ஆசைப்படுறார், பின்னேரம் நாலு மணிக்கு இந்தக் கடைக்கு எடுக்கச் சொல்லுங்கோ" என்று சொல்லத்தானே ராசா நான் போனது. எங்கள் சனம் சாவை வாய்விட்டுச் சொல்லாதுதானே. தூரத்தில் இருக்கிறவனுக்கு வருத்தம், ஆஸ்பத்திரி என்றுதான் சொல்லி அனுப்புவோம், மிச்சத்தை அவன் விளங்கிக்கொள்வான். சிற்றம்பலமும் அப்படியே விளங்கிக்கொண்டு, இன்னும் இரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு வேலைநாளில் உன் கதவைத் தட்ட, அவர்கள் வாய் திறக்க முதலே நீ நிலத்தில் இருந்துவிட்டாயாம். அவரைக் கோபிக்காதே, அவருடைய இடத்தில் நான் நின்றிருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன். எல்லாம் முடிந்து அப்பா போன சேதி சொல்ல நான் திரும்ப எடுத்தபோதும் அவர் "ஓமக்கா, தம்பிக்குச் சொல்லியாச்சு" என்றார். அழுகையில் எனக்கு ஒன்றும் ஓடவில்லை.

உன் கடிதம் வந்த பிறகுதான் விளங்கியது. நீயோ, போன மாதம் ஆறாம் திகதி வியாழக்கிழமை ஆற்றில் தலைமுழுகினேன், அந்த நாளை வைத்தே முப்பத்தோராம் நாள் கிரியையும் செய்தேன், வருசம் திரும்பி வரும் ஆட்டைத்திவசத்துக்கும் அதே நாள்தானே என்று கேட்டிருக்கிறாய். நீ தலைமுழுகின நேரம் அப்பா கட்டிலில் சாய்ந்திருந்து கஞ்சி குடித்துக்கொண்டிருந்தார் ராசா. "விடுங்கோ அம்மா, உயிரோட இருக்கிற அண்ணாவை ஏன் கொல்லுறியள்" என்று தேனுகா இந்தக் கடிதத்தை எழுதவிடாமல் சண்டை. நானும் கிழமை முழுக்க யோசித்தேன். சொல்லாமல் விட்டால் நீ சாகும்வரை பிழையான நாளில் தகப்பனுக்கு எள்ளும் தண்ணீரும் இறைப்பாய், சொன்னால் உன் நெஞ்சு வெடிக்கும். இரண்டும் என்னால் ஏலாதுதான். என்றாலும் அந்த மனிசன் தன் திதியில் பசியோடு வந்து திரும்பிப் போகக்கூடாது.

அப்பா ஆஸ்பத்திரியில் கிடந்த நாட்களில் நான் திரும்ப எடுத்தும் நீ எடுக்கவில்லை, சேதி கேட்டு உன் அழைப்பு வருமென்று ஒவ்வொரு பின்னேரமும் அந்தக் கடை வாங்குப் பலகையில் போய் இருந்தேன். "எடுத்து இனி ஆரோட கதைக்கிறது எண்டு இருந்திட்டன் அம்மா" என்று நீ எழுதியதை இப்போதுதானே வாசிக்கிறேன். ஆஸ்பத்திரிக்குத் திரும்பி வந்தால் அப்பா புருவத்தைத் தூக்குவார். "எடுத்தவன், சுகமாம், உங்களைக் கவனமா இருக்கட்டாம்" என்று பொய் சொல்லுவேன். "ம்" என்பார். திங்கட்கிழமை நர்ஸ் பிள்ளை நவராத்திரிப் பூசை அவலும் கடலையும் கொண்டுவந்து தந்தது. இரண்டு கடலையை வாயில் போட்டுக்கொண்டு, என் கையைப் பிடித்து, அந்த மனிசன் தன் வாழ்நாளில் சொல்லாத நீளத்துக்கு ஒரு கதை சொன்னார். "அவன் எடுத்தால் பயப்பிடுத்திப் போடாதையும். அப்பா எழும்பி இருந்து சாப்பிடுறார், உன்னைத்தான் நினைச்சுக்கொண்டு இருக்கிறார், நீ வேலைக்குப் போ எண்டு, ஒண்டும் சுருக்காமல் ஆறுதலாச் சொல்லும்" என்றார். "எடுத்தால்" என்றார் ராசா. என் பொய் ஒன்றுகூட அவரிடம் எடுபடவில்லை. விடியப்புறம் போய்விட்டார்.

அவர் சொன்னதில் ஒரு சொல்லும் குறைக்காமல் எழுதிவிட்டேன். அழு, ஆனால் தனிய இருந்து அழாதே, சிற்றம்பலம் வீட்டுக்குப் போய் அழு. நேரத்துக்குச் சாப்பிடு, குளிருக்குக் காதை மூடிக்கொண்டு வெளியே போ. எல்லாத் தெய்வமும் உன் பக்கத்தில் நிற்கட்டும், உன் கையால் விளக்கேற்ற உனக்கு நீண்ட ஆயுள் கிடைக்கட்டும். திதி புரட்டாதி வளர்பிறை அட்டமி, அப்பா போனது பதினோராம் திகதி செவ்வாய்க்கிழமை, மறந்துபோகாதே. அன்றைக்குப் படைக்கும்போது வாய்க்குள் முணுமுணுக்காமல் அவரோடு கொஞ்சம் நீட்டிக் கதை. உன் குரலைக் கேட்கத்தான் ஆசைப்பட்டுக்கொண்டிருந்தார்.

உன் கடிதத்துக்கு வழி பார்த்திருக்கும்,
அம்மா