திறக்காத சோடா

அண்ணே,

மூன்று நாள் முன்பு தஞ்சாவூரில், தொங்கிப்போன என் இடக்கண் இமையை அறுத்துத் தைத்தார்கள். வீக்கத்துக்கு ஐஸ் ஒத்தடம் வைத்துக்கொண்டிருக்கிறேன். இந்தக் குளிர்ச்சி படும்போதெல்லாம் உங்கள் நினைவுதான்.

அறுப்பதற்கு முன் டாக்டரம்மா கேட்டார்: "காலையில நல்லா இருந்து, சாயங்காலம் ஆக ஆக இறங்குதா?" எனக்கு எந்நேரமும் ஒரே மாதிரிதான் என்றேன். அப்படியும் ஐஸ் கட்டியைத் துணியில் சுற்றிக் கண்மேல் வைத்து எடுத்துப் பார்த்தார். இமை எழும்பவில்லை. "வயசுல பிடி தளர்ந்துபோச்சு. இழுத்துத் தைச்சாப் போதும்" என்றார்.

தீர விசாரிக்காமல் நான் எந்தச் சரக்கையும் வாங்கியதில்லை, விடாமல் கேட்டேன். பிறவியிலேயே தசைக்கு வலுவில்லை என்றால் இமையை நெற்றித் தசையோடு சேர்த்துக் கட்டுவார்களாம். நரம்பு கெட்டு இறங்குவது வேறாம். "இன்னொண்ணு இருக்கு. பொழுது சாயச் சாய இமை இறங்கும், பேச்சு குழறும், மெல்ல முடியாது. குளிர்ச்சி பட்டா கொஞ்சம் எழும்பும். அதுக்கு முதல்ல கத்தி இல்லை, மாத்திரைதான்."

அவர் சொல்லச் சொல்ல, நம் நெல் களத்துச் சாயங்காலங்கள்தான் என் கண்முன் வந்தன.

திருக்காட்டுப்பள்ளிப் பக்கம் நாம் பல வருடம் கூட்டாக நெல் பிடித்து வியாபாரம் செய்தோம். ஒரு மணியைக் கடித்தே ஈரம் சொல்லிவிடுவீர்கள், காலையில். அறுவடை மிஷின் வயலை விட்டு ஏறும் சாயங்காலத்தில்தான் களத்தில் விலை பேசுவது வழக்கம். அப்போது மட்டும், "நாளைக்குக் கடிச்சுப் பாத்துக்கலாம்ப்பா" என்று நழுவுவீர்கள். பேச்சு மூக்கால் வரும். பாதி மூடிய கண்ணோடு அண்ணாந்துதான் ஆளைப் பார்ப்பீர்கள். பெட்டிக்கடையில் ஜில்லென்று சோடா வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொள்வீர்கள். அந்தச் சோடா எதில் ஊற்றுவதற்கு என்று களத்தில் யாருக்கும் சந்தேகமே இல்லை. எனக்கும்தான்.

"ஊத்திக்கிட்டு வந்து யாவாரம் பண்ண முடியாதுண்ணே. இன்னையோட நம்ம கூட்டு முடிஞ்சுது" என்றேன், அத்தனை பேர் முன்னாலும். நீங்கள் பாட்டிலை என் பக்கம் நீட்டினீர்கள். "தொறக்கவே இல்லப்பா, பாரு." நான் பார்க்கவில்லை.

அடுத்த மழைக்காலத்தில் ஒரு காய்ச்சல் வந்து, மூச்சுத் திணறிப் போய்விட்டீர்கள். குடிதான் கொன்றது என்று பேசியவர்களில் நானும் ஒருவன்.

டாக்டரம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். "ஆளைப் பாக்காம உறுதியாச் சொல்ல முடியாதுங்க. ஆனா, காட்டியிருக்கணும்" என்றார்.

நேற்று வீங்கிய கண்ணோடு அண்ணியிடம் போய் நின்றேன். கேட்டு முடித்துவிட்டு அண்ணி சொன்னார்கள்: "அவரு வாயை மோந்து பாத்தவ நான். எனக்கே வந்து புதுசாச் சொல்றீங்களா? களத்துல சொன்னதைச் சமையக்கட்டுல வந்து மாத்துவீங்களோ?"

"வீடு வீடாப் போய்ச் சொல்லிடுறேன் அண்ணி" என்று பேரம் பேசிப் பார்த்தேன். அண்ணி மசியவில்லை.

முடிவானது இதுதான்: தையல் பிரித்த மறுநாள் சாயங்காலம், மிஷின் ஏறும் நேரம், அதே களம். அண்ணி பக்கத்தில் நிற்பார்கள், நான் உரக்கச் சொல்ல வேண்டும். சோடாவை நான்தான் வாங்கி வர வேண்டும், திறக்கக் கூடாது.