ஆண் என்று நான் சொன்ன பிள்ளை

மதுரை
19.8.1999

அன்பு மச்சானுக்கு,

உங்கள் ஒச்சம்மாள் பெரியாஸ்பத்திரியில் இருந்து எழுதுவது. நாக்பூரில் நீங்களும் முறுக்குக் கம்பெனியில் உள்ள நம்மூர்க்காரர்களும் சுகம்தானே? நானும் பிள்ளையும் உயிரோடு இருக்கிறோம்.

நேற்று நான் பேசத் தொடங்கியதுமே போனை வைத்துவிட்டீர்கள். பூத்துக்காரர் முன்னால் எனக்கும் எல்லாவற்றையும் சொல்ல வாய் வரவில்லை. இதையாவது முழுக்கப் படியுங்கள்.

பிள்ளை மாறவில்லை மச்சான். உங்கள் அப்பாவாகவே இருந்தாலும் மாமா சொல்வதை நம்பாதீர்கள். பிரசவ அறையில் ஆயா பிள்ளையைத் தூக்கி என் முகத்துக்கு நேரே காட்டி, "என்ன பிள்ளைன்னு நீயே உன் வாயால சொல்லும்மா" என்றார். பிள்ளையை மாற்றிவிட்டார்கள் என்று பின்னால் யாரும் சண்டைக்கு வரக்கூடாதாம், அதற்காக எல்லோரிடமும் அப்படிக் கேட்கிறார்கள். கண்ணால் பார்த்ததைச் சொன்னேன், ஆண் என்று. ரிஜிஸ்டரில் எழுதிக் கையெழுத்தும் வாங்கினார்கள். விதை மட்டும் கீழே இறங்கவில்லை, போகப் போக இறங்கிவிடும் என்றார்கள். மாமா நம்மூர் எழுமலையில் வீடு வீடாகச் சீனி கொடுத்தார்.

பத்தாம் நாள் பால் குடிக்காமல், வாந்தியாக எடுத்துப் பிள்ளை வதங்கிவிட்டது. மறுபடி இங்கேயே தூக்கி வந்தோம். ஸ்கேனில் கர்ப்பப்பை தெரிந்தது. மெட்ராசுக்கு அனுப்பிய ரத்தத்திலும் பெண் என்றுதான் வந்தது. சிறுநீரகத்துக்கு மேலே உள்ள சுரப்பியில் கோளாறாம். ஆண்களுக்குச் சுரக்க வேண்டியது இவள் என் வயிற்றில் இருக்கும்போதே அதிகமாகச் சுரந்து, வெளியே மட்டும் ஆண் பிள்ளை மாதிரி ஆக்கிவிட்டதாம். உடம்பில் உள்ள உப்பு மூத்திரத்தில் போவதும் அதனால்தானாம். மாத்திரையைப் பொடித்து மூன்று வேளையும் கொடுத்தால் எல்லாப் பெண்களையும் போல வளர்வாள், நாளைக்குப் பிள்ளையும் பெறுவாள் என்று டாக்டரம்மா சொன்னார். இரண்டு நாள் நிறுத்தினால் உயிர் தங்காது என்பதையும் சொன்னார். மாமாவை வைத்துக்கொண்டே சொன்னார். அதைச் சொல்லாமல் இருந்திருக்கலாம் என்று இப்போது தோன்றுகிறது.

மாமாவுக்கு இதெல்லாம் கட்டுக்கதை. அன்றைக்கு என் பக்கத்துக் கட்டிலில் ஆண் பிள்ளை பெற்ற ரெங்கம்மாள்மேல் அவருக்குச் சந்தேகம். செக்கானூரணியில் அவள் வீடுவரை விசாரித்துவிட்டார். தல்லாகுளத்தில் வக்கீலையும் பார்த்தாயிற்று. "நீ ஆமா, மாத்திட்டாங்கன்னு ஒத்த வார்த்தை சொல்லு, ஆம்பளப் பிள்ளையோட ஊருக்குப் போவோம்" என்கிறார். ரெங்கம்மாளும் என்னைப் போலக் கத்திக் கதறித்தான் பெற்றாள். அவள் பிள்ளையைப் பிடுங்க என் வாய்தானா கிடைத்தது?

உங்களிடம் ஒளிக்க மாட்டேன். முந்தாநாள் ஒரு நிமிடம் எனக்கும் ஆசை வந்தது. சொல்லித்தான் பார்ப்போமே என்று நினைத்தேன். அந்த நேரம் பார்த்துப் பிள்ளை பாலுக்கு அழுதாள். எனக்கு ரவிக்கை நனைந்துவிட்டது. அதிலிருந்து என்னையே எனக்குப் பிடிக்கவில்லை.

முடியாது என்று மாமாவிடம் சொல்லிவிட்டேன். அதற்குப் பிறகு அவர் சத்தம் போடவில்லை. அடுத்த வெள்ளிக்கிழமை டிஸ்சார்ஜ். மருந்துச் சீட்டைத் தன்னிடம் கொடுக்கச் சொல்கிறார். "மாத்திரையெல்லாம் எதுக்கு, ஊர்ல வச்சுப் பாத்துக்கிருவோம்" என்கிறார். சாதாரணமாகத்தான் சொல்கிறார். சீட்டை நான் இன்னும் கொடுக்கவில்லை மச்சான்.

வெள்ளிக்கிழமைக்குள் எப்படியாவது வந்து சேருங்கள். காலில் விழுந்து கேட்கிறேன். லீவு கிடைக்கவே கிடைக்காது என்றால், பிள்ளைக்கு ஒரு பெண் பெயர் மட்டும் உங்கள் கையால் எழுதி உடனே தபாலில் போடுங்கள். எந்தப் பெயராக இருந்தாலும் சரி. மகன் வைத்த பெயரைச் சொல்லி நான் கூப்பிடும் பிள்ளைக்கு மருந்து வேண்டாம் என்று சொல்ல உங்கள் அப்பாவுக்கு மனம் வராது என்று நம்பிக்கொண்டிருக்கிறேன். வேறு எதை நம்புவது என்று தெரியவில்லை.

உங்கள் ஒச்சம்மாளும்
உங்கள் மகளும்.