அக்கா வடித்த எண்ணெயில் குற்றமில்லை, மாமா

ஒரு வார்த்தை சொல்லாமல் போய்விட்ட என் அன்பு மாமாவுக்கு,

நேற்று உங்கள் ஜீப்பின் ஃபில்டரைக் கழற்றினேன். அதில் என்ன பார்த்தேன் என்று சொல்லத்தான் எழுதுகிறேன். நெல்லிவாசல்நாட்டில் உங்கள் வண்டியில் ஏறி இறங்கிய எல்லோரும் இதைப் படிக்கட்டும். சுற்றி வளைத்து எழுத எனக்கு வராது. உங்களுக்குத்தான் தெரியுமே.

கருமாதி முடிந்ததும் நான் ஓசூருக்குத் திரும்பியிருக்க வேண்டும். கம்பெனியிலிருந்து போன் மேல் போன். அக்காவை விட்டுப் போக முடியவில்லை. துக்கம் கேட்க யார் வந்தாலும் அவள் ஒன்றையேதான் சொல்கிறாள். "நாந்தான் அவர கொன்னுட்டேன். நான் வடிச்ச எண்ணெ சரியில்ல. அதான் வண்டி கெளம்பல." சொல்லிவிட்டுச் சுவரைப் பார்த்து உட்கார்ந்துகொள்கிறாள். அழுவதுகூட இல்லை. வந்தவர்கள் "அப்டிலாம் பேசாத செல்வி" என்று சமாதானம் சொல்லிவிட்டு, வாசல் தாண்டியதும் வேறு பேசுகிறார்கள். "எண்ணெய ஊத்தி வண்டி ஓட்டுனா இன்னா ஆவும், பின்ன?" என் காதிலேயே விழுந்தது.

எண்ணெய் உங்கள் யோசனைதான் மாமா. டீசலுக்கு மலையிலிருந்து ஒடுகத்தூர் வரை இறங்க வேண்டும். இங்கே புங்கங்கொட்டை மரத்தடியெல்லாம் கொட்டிக் கிடக்கிறது. கொட்டையை ஆட்டி, அந்த எண்ணெயை அப்படியே டேங்கில் ஊற்றிவிட்டு எனக்குப் போன் செய்தீர்கள். "மாப்ள, வண்டி கெழட்டு மாடாட்டம் இருமுது. வந்து இன்னான்னு பாரு." வந்து பார்த்து நான் கத்தினேன். "மாமா, இது இன்ஜின். அகல் விளக்கு இல்ல!" நீங்கள் சிரித்த சிரிப்பில் எனக்கே கோபம் போய்விட்டது.

எண்ணெய் கெட்டி. அது பொடித் தூறலாகத் தெளித்தால்தான் எரியும். அதனால் பெட்ரோலும் கொஞ்சம் மண்ணெண்ணெயும் கலந்து இளக்கினோம். அப்படியும் குளிரில் அதை நம்ப முடியாது. டீசலுக்கென்று தனியாக ஒரு சின்ன டேங்க் வைத்து, உங்கள் காலடியில் இரண்டு டேங்குக்கும் மாற்றி மாற்றித் திருப்பும் ஒரு குழாயைப் பொருத்தினேன். டீசலில் கிளப்ப வேண்டும். சூடானதும் குழாயை எண்ணெய்ப் பக்கம் திருப்ப வேண்டும். வீடு வருவதற்குக் கொஞ்சம் முன்னாலேயே மறுபடி டீசலுக்குத் திருப்பிவிட வேண்டும். இல்லையென்றால் பைப்பில் எண்ணெய் தங்கி, விடிகாலைக் குளிரில் உறைந்து நின்றுவிடும். "அதாவது படுக்கறதுக்கு முன்னாடி வாய் கொப்புளிச்சிட்டுப் படுக்கணும். அவ்ளோதான?" என்றீர்கள். அவ்வளவுதான் மாமா.

மில்லில் ஆட்டி வந்த எண்ணெயைத் தெளிய வைத்து, மடித்த வேட்டித் துணியில் வடிப்பது அக்காவின் வேலை. புகை கசப்பாக நாறும். "இன்னா டிரைவரே, கொசு மருந்து அடிக்கிற வண்டியா இது?" என்பார்கள் பின்சீட்டில். "கொசு கடிக்காம வூடு போய்ச் சேர்ற இல்ல? கம்முனு உக்காரு" என்பீர்கள்.

ஊருக்கு முன்னால் இருக்கும் பாறைத் திருப்பத்தில் நீங்கள் குனிவீர்கள். குழாயைத் திருப்பத்தான். ஆனால் ஜனங்களுக்கு அது வேறு கணக்கு. நீங்கள் குனிந்தால் ஊர் வந்துவிட்டது என்று அர்த்தம். தூங்குகிறவனை எழுப்புவார்கள். "தோ, குழாய திருப்பிட்டாரு, மூட்டைய எடு." ஒரு நாளும் நீங்கள் தவறவிட்டதில்லை.

அந்த மார்கழிச் சாயங்காலம் ஒடுகத்தூரிலிருந்து ஆட்களை ஏற்றி வந்தீர்கள். பசியில்லை என்று படுத்துவிட்டீர்கள். விடியும் நேரத்தில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு எழுந்தீர்கள். பக்கத்து வீட்டு அண்ணாமலை அண்ணன் ஓடி வந்து ஜீப்பைக் கிளப்பப் பார்த்தார். இன்ஜின் சுற்றியது, பிடிக்கவில்லை. பேட்டரி இறங்கும்வரை பார்த்தார். மண் ரோட்டில் ஆம்புலன்ஸ் ஏறாது. டோலி கட்டித் தார் ரோட்டுக்குத் தூக்கிப் போனார்கள். பாதி வழியிலேயே நீங்கள் இல்லை.

ஃபில்டரில் தூசி இல்லை மாமா. மண் இல்லை, கசடு இல்லை. எண்ணெய் மட்டும் வெண்ணெய் மாதிரி உறைந்திருந்தது. டப்பாவில் மிச்சமிருந்ததையும் வடித்துப் பார்த்தேன், துணியில் ஒன்றும் நிற்கவில்லை. சின்ன டேங்கில் டீசல் இருக்கிறது. குழாய் எண்ணெய்ப் பக்கமே நிற்கிறது.

அண்ணாமலை அண்ணனிடம் கேட்டேன். "குழாய நீ தொட்டியாண்ணா?"

"அது இன்னாத்துக்கு இருக்குதுன்னே எனக்குத் தெரியாதுடா. சாவியத்தான் திருப்புனேன்."

அன்றைக்கு உங்கள் பக்கத்தில் உட்கார்ந்து வந்த பச்சையம்மா அத்தையிடம் போனேன். யோசித்துவிட்டுச் சொன்னாள். "ஆமாம்பா. அன்னிக்கி அவரு குனியவே இல்ல. நான் மூட்டைய எடுக்காமயே குந்தினு இருந்தேன், வண்டி ஊர்ல வந்து நின்னுப்போச்சி. வழியெல்லாம் ஒரு பேச்சில்ல. அந்தக் குளிர்ல சட்டை நனைஞ்சி கெடந்துது. இன்னா டிரைவரேன்னு கேட்டேன். ஒண்ணுமில்லம்மான்னாரு."

ஒன்றுமில்லையா மாமா?

வலி எந்த இடத்தில் ஆரம்பித்தது? காட்டுக்குள்ளேயா, அதற்கும் முன்னாலா? ஒடுகத்தூருக்கே வண்டியைத் திருப்பியிருக்கக் கூடாதா? பின்சீட்டில் கைக்குழந்தை இருந்தது என்று பார்த்தீர்களா? எல்லோரையும் அவரவர் வீட்டில் இறக்கிவிட்டு அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று நினைத்தீர்களா? குனிய முடியாத அளவு வலி. அதோடு அந்த வளைவுகளையெல்லாம் ஓட்டி வந்திருக்கிறீர்கள்.

அக்காவிடம் சொல்வதா வேண்டாமா என்று யோசித்தேன். சொன்னால் நீங்கள் பட்ட பாட்டையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் அவள் சாகும்வரை அந்தத் துணியையே நினைத்துக்கொண்டிருப்பாள். ஃபில்டரை அவள் முன்னால் வைத்து எல்லாவற்றையும் சொன்னேன்.

விரலால் தொட்டுப் பார்த்தாள். "அப்ப வரும்போதே நோவுதானா?"

"ஆமாக்கா."

"ரொம்ப வலிச்சிருக்குமாடா?"

"வலிச்சிருக்கும்."

பொய் சொல்லியிருக்கலாம். எனக்கு வரவில்லை.

எழுந்து வாசலுக்குப் போனாள். பிறகு ஜீப்பின் கதவைக் கையால் அடித்து அடித்துக் கத்தினாள். "பாவி மனுசா! வூட்டுக்கு வந்தாவது சொன்னியா? வாய தொறந்து சொல்றதுக்கு இன்னா? ஊரையே எறக்கி வுட்டியே, என்ன எங்க எறக்கி வுட்ட?" அப்புறம்தான் அழுதாள். நீங்கள் போனதிலிருந்து முதல் அழுகை. ராத்திரி ஒரு கவளம் கேழ்வரகுக் களி சாப்பிட்டாள்.

இன்று காலையிலும் திட்டினாள். நாளைக்கும் திட்டுவாள். நீங்கள் அதைக் கேட்டுத்தான் ஆக வேண்டும். வண்டியை என்ன செய்வது என்று அவள்தான் முடிவு செய்வாள். அவசரமில்லை.

அவள் எண்ணெயைப் பற்றி இனி யார் வாயைத் திறந்தாலும் அவர்கள் வீட்டு வாசலிலேயே போய் நின்று கேட்பேன். லீவு போனால் போகட்டும், அக்கா தேறும்வரை இங்கேதான் இருப்பேன். அவள் உங்களைத் திட்டும்போதெல்லாம் பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன். அவள் மனம் ஆறும்வரை உங்களுக்குப் பரிந்து ஒரு வார்த்தைகூடப் பேச மாட்டேன். சத்தியம், மாமா.

இப்படிக்கு,
உங்கள் செல்வியின் தம்பி,
உங்கள் மாப்ள குமரேசன்